தண்டு நீளும் காலம்

ஆவுடை ஐந்தாவது தோசை கேட்டாள்.

அடுப்படியில் நின்றிருந்த மாமியார் பேச்சியம்மாள் கரண்டியை மாவிலேயே விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். எதிரே தட்டோடு உட்கார்ந்திருந்த கணவன் இசக்கிராஜும் பார்த்தான். பதினோரு வருடத் திருமண வாழ்க்கையில் அவள் இரண்டு தோசையைத் தாண்டியதில்லை. அந்த இரண்டாவதிலும் பாதியை ஒதுக்கி வைத்துவிட்டு, "போதும்" என்று எழுந்துவிடுவாள். கடைக்குப் போனால் எடுத்துக் காட்டிய முதல் சேலையே போதும். சினிமாவில் இடைவேளையோடு போதும். அவன் ஆசையாகக் கையைப் பிடித்தால், சற்று நேரம் கழித்து, முகம் கோணாமல், "போதும்."

"என்ன ரெண்டு பேரும் அப்படிப் பாக்குதீங்க? பசிக்குதுன்னு சொன்னது ஒரு குத்தமா?" என்றாள் ஆவுடை. "அத்தை, இதை நல்லா முறுகலா விடுங்க. எண்ணெய் ஊத்தக் கூசாதீங்க."

பேச்சியம்மாள் வேறு எதையோ யோசித்துக்கொண்டு எண்ணெயைத் தாராளமாகவே ஊற்றினாள்.

ஆறு வயதில் ஆவுடையின் இதயம் நின்றுபோகப் பார்த்தது. பரம்பரையாக வரும் நோய். இதயத் தசை கொஞ்சம் கொஞ்சமாக நைந்துபோகும். அப்போது திருநெல்வேலியில் ஓர் ஆராய்ச்சி மருத்துவமனையில் புதிதாக ஓர் ஊசி போட்டுப் பார்த்தார்கள். ரயில் பாதை ஓரமாக வேலிபோல நிற்குமே ஆனைக்கற்றாழை, அதன் மரபணுவை வைத்துச் செய்த மருந்து. மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும், கிடைத்ததையெல்லாம் உள்ளே சேர்த்துவைத்துக்கொண்டு முப்பது வருடம் நிற்கிற செடி அது. அந்தச் சிக்கனத்தை மனித உடம்புக்குச் சொல்லிக் கொடுத்தது ஊசி. சனங்கள் அதைக் கத்தாழை ஊசி என்றார்கள்.

அதன் பிறகு ஆவுடைக்கு ஒரு காய்ச்சல்கூட வந்ததில்லை. சித்திரை வெயிலிலும் அவள் கைகள் மண்பானைத் தண்ணீரைப் போலக் குளிர்ந்திருக்கும். முப்பத்தைந்து வயதில் இருபத்திரண்டு சொல்லலாம். ஓடமாட்டாள், சண்டை போடமாட்டாள், அழமாட்டாள். பிள்ளையும் உண்டாகவில்லை.

இசக்கிராஜ் கயத்தாறு பக்கம் காற்றாலைக் காத்தாடிகளில் ஏறிப் பழுது பார்க்கிறவன். காற்றோடும் இரைச்சலோடும் பகலைக் கழித்துவிட்டு வீட்டுக்கு வருகிறவனுக்கு அவளுடைய அமைதி பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்றே பதினோரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

இந்த மாதம் எல்லாம் மாறிவிட்டது. வண்டிச் சத்தம் கேட்டதும் வாசலுக்கு வந்து நிற்கிறாள். பாத்திரம் விளக்கும்போது பாடுகிறாள், அதுவும் சுருதி இல்லாமல். நேற்று அவன் சட்டையைப் பிடித்து இழுத்து, அம்மா பின்கட்டில் இருக்கும்போதே, முத்தம் கொடுத்தாள். கைகள் கொதித்தன.

பேச்சியம்மாள் தோசையைத் தட்டில் போட்டுவிட்டுக் குனிந்து கேட்டாள். "ஏளா, நாள் தள்ளிப் போயிருக்கா?"

"ஆமா அத்தை."

"இதைச் சொல்லத் தெரியலையா ஒனக்கு? கழுதை, கழுதை." அவள் திட்டிக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். "ஏலே ராசு, வேலைக்கு லீவு போடு. அந்த ஹெலன் டாக்டர்கிட்டயே கூட்டிட்டுப் போ."

*

டாக்டர் ஹெலன் தவமணிக்கு ஓய்வு பெறும் வயது. இருபத்தொன்பது வருடங்களுக்கு முன் ஆவுடைக்கு அந்த ஊசியைப் போட்டவர் அவர்தான். பரிசோதனை முடிவை அவர் இரண்டு முறை படித்தார். இசக்கிராஜ்தான் சிரித்துக்கொண்டே கேட்டான்.

"எங்கம்மா இப்பவே தொட்டில் சேலை தேடிக்கிட்டிருப்பாங்க டாக்டர். சொல்லிரலாமா?"

"குழந்தை இல்ல ராஜ்." டாக்டர் ஜன்னலைக் காட்டினார். "அந்த மதில் ஓரத்துல பாருங்க."

ஆனைக்கற்றாழைகளின் நடுவே ஒன்றில் மட்டும் விளக்குக் கம்பம்போல ஒரு தண்டு எழும்பி நின்றது. உச்சியில் கிளை பிரிந்து, மஞ்சளாகப் பூ வைத்திருந்தது.

"போன மாசம் அந்தத் தண்டு கிடையாது. முப்பது வருஷமாச் சேத்துவச்சதை எல்லாம் அதுல கொட்டும். பூத்து முடிச்சதும் செடி செத்துப்போகும். அதுக்கு ஒரு தடவைதான் பூ." அவர் ஆவுடையின் பக்கம் திரும்பினார். "சேமிக்கிற குணத்தை மட்டும்தான் எடுத்தோம்னு நாங்க நெனச்சோம்மா. செலவழிக்கிறதும் கூடவே வந்திருக்கு."

ஆவுடை தண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அதான் இவ்வளவு பசியா?"

"பசி, சூடு, பாட்டு. எதைப் பாத்தாலும் ஒரு ஆசை. உனக்கு முன்னால நாலு பேருக்கு வந்திருக்கு. எல்லாருக்கும் இதேதான்."

"அவங்க இப்ப எங்க?"

டாக்டர் மறுபடியும் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"ரெண்டு மாசம் இருப்ப," என்றார் பிறகு. "கடைசி நாள் வரைக்கும் நல்லா இருப்ப. அப்புறம் ஒரு நாள் தூங்கி எந்திரிக்க மாட்ட."

இசக்கிராஜின் குரல் ஏறியது. "நிறுத்த மருந்து இல்லையா? செடியில அந்தத் தண்டை வெட்டி எறிஞ்சா?"

"வெட்டினா செடி உடனே சாகாது. நடுவுல குழி விழும். தண்டுக்குப் போக வேண்டிய சாறு அந்தக் குழியில ஊறும். எடுக்க எடுக்க மாசக்கணக்கா ஊறும். பிறகு அதுவும் செத்துப்போகும்." அவர் முடிவுத் தாளை மடித்து வைத்தார். "மனுஷங்களுக்கும் நிறுத்த ஒரு மருந்து இருக்கு. குடுத்தா நாலஞ்சு மாசம் உயிர் இருக்கும். படுக்கையில, அரை மயக்கத்துல. காலையும் சாயங்காலமும் ரத்தத்துல இருந்து நாங்க எடுத்துக்கிட்டே இருப்போம்."

"எதுக்கு எடுக்கீங்க?"

"இப்ப அதுதான் ஊசி. லேப்ல வளத்ததெல்லாம் ஒரே தாய்ச் செல்லுல இருந்து வந்தது. எல்லாம் ஒண்ணாப் பூத்து ஒண்ணாச் செத்துப்போச்சு. உயிரோட மிச்சம் இருக்கிறது ஊசி போட்டவங்க உடம்புல மட்டும்தான். அதுவும் தண்டை நிறுத்தினாத்தான் ரத்தத்துல இறங்கும். ஒரு ஆள்கிட்ட எடுத்தா ஏழெட்டுப் பிள்ளைங்களுக்குப் போடலாம்."

"அந்தப் பிள்ளைங்களும் பூக்குமா?" என்று கேட்டாள் ஆவுடை.

"பூக்கும். முப்பது வருஷம் கழிச்சு."

"தெரிஞ்சேவா போடுதீங்க?"

"உனக்குப் போடும்போது தெரியாது. இப்பத் தெரிஞ்சுதான் போடுறேன். போடலைன்னா அதுங்க எட்டு வயசைத் தாண்டாது. நான் என்ன செய்யணும்னு நீயே சொல்லு."

கிளம்பும்போது டாக்டர் ஆவுடையின் சூடான கையைப் பிடித்துக்கொண்டார். "யாரும் உன்னைக் கட்டாயப்படுத்த முடியாது. முன்னால வந்த நாலு பேர்ல ரெண்டு பேர் மாட்டேன்னுட்டாங்க. அது அவங்க உரிமை. ஆனா தண்டு முழுசா நீண்டபிறகு வெட்டிப் பிரயோஜனம் இல்ல. ஒரு வாரத்துக்குள்ள சொல்லிரு."

*

வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன.

மருமகள் உண்டானதும் முதலில் அம்மனுக்கும் அடுத்து அவளுக்கும் வளையல் போடுவதாகப் பேச்சியம்மாள் ஒன்பது வருடத்துக்கு முன்பே நேர்ந்திருந்தாள். "ஏழாம் மாசம் ஊரறிய வளைகாப்புப் போட்டுக்கிடலாம். இது எனக்கும் ஆத்தாவுக்கும் உள்ள பேச்சு," என்று தெருப் பெண்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல்கள் தாம்பாளத்தில் மின்னின.

இசக்கிராஜ் வாயைத் திறந்தான். ஆவுடை அவன் விரலை அழுத்தினாள். "இன்னைக்கு வேண்டாம்" என்று மெல்லச் சொல்லிவிட்டு, மனையில் போய் உட்கார்ந்து இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"எம்மா, கை என்ன இப்படிக் கொதிக்கி," என்றாள் வளையல் போட்ட பக்கத்து வீட்டுக்காரி.

"உள்ளே சூட்டுக்காரன் இருக்கான் போல," என்றாள் இன்னொருத்தி. எல்லாரும் சிரித்தார்கள். ஆவுடையும் சிரித்தாள்.

அப்போதுதான் அவள் தம்பி சுடலைமணி, மனைவி செண்பகத்தோடும் மகள் முத்தரசியோடும் வந்து சேர்ந்தான். ஐந்து வயது அரசிக்கும் அதே இதயம். வாசலில் இருப்பது மூன்றே படிதான். ஒவ்வொன்றிலும் நின்று நின்று, நீலம் பாரித்த உதட்டால் மூச்சு வாங்கி ஏறினாள். ஏறியதும் நேராக அதிரசத் தட்டுக்குப் போனாள்.

"ஏய், ஒண்ணுதான்," என்றாள் செண்பகம்.

"இன்னும் ஒண்ணு," என்றது குழந்தை, வாயில் முதலாவது இருக்கும்போதே. பிறகு அத்தையின் மடியில் ஏறி, பிசுபிசுத்த விரல்களால் வளையல்களை உருட்டியது. "எனக்கும் போடு அத்தை. இன்னும் பெருசா."

சுடலைமணி அக்காவின் அருகில் குந்தினான். அவன் முகம் இப்படி மலர்ந்து பல நாளாகியிருந்தது. "அக்கா, ஒனக்கும் நல்ல சேதி, எனக்கும் நல்ல சேதி. ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தங்க இப்பதான் போன் பண்ணுனாங்க. அரசிக்கு ஊசி கிடைக்கலாமாம். கொடுக்கத் தோதா யாரோ ஒரு ஆள் வந்திருக்காங்களாம். அவங்க சம்மதிக்கணும், அவ்வளவுதான்."

"யாராம்?" என்று கேட்டாள் ஆவுடை.

"பேரு சொல்ல மாட்டாங்களாம். யாரா இருந்தா என்ன, அவங்க கால்ல விழுவேன் நான். நல்ல மனசு வரணும்னு வர்ற வழியில கோயில்ல தேங்காய் உடைச்சிட்டுத்தான் வாறேன்."

இசக்கிராஜ் எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டான். தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான். உள்ளே பெண்கள் குலவையிட்டார்கள்.

*

மறுநாள் அவள் காத்தாடி மேல் ஏற வேண்டும் என்றாள். பதினோரு வருடத்தில் ஒரு முறைகூடக் கேட்டிராதவள். சூப்பர்வைசரிடம் ஏதோ சொல்லிச் சமாளித்து, இடுப்புப் பட்டை மாட்டி, கோபுரத்துக்குள் இருக்கும் சின்ன லிஃப்ட்டில் ஏற்றிக்கொண்டு போனான். உச்சிக் கதவைத் திறந்ததும் காற்று அவள் சேலையைப் பிடுங்கியது. கீழே கரிசல் காடும் ரயில் பாதையும், பாதையோரக் கற்றாழை வரிசையும் தெரிந்தன. இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தண்டுகள்.

"இவ்வளவையும் நீங்க மட்டும் தினம் பாத்திருக்கீங்க," என்றாள். "சுயநலக்காரர்."

"கூப்பிட்டா, வேண்டாம், தரையே போதும்னு சொல்லுவ."

"அது அவ சொன்னது." அவள் சிரித்துவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள். "நீங்க என்ன சொல்லுதீங்க? வெட்டிரச் சொல்லவா?"

"வேண்டாம்." கேள்வி முடியும் முன்பே அவன் சொல்லிவிட்டான். "எனக்கு இப்பதான் நீ கிடைச்சிருக்க."

"அப்ப பதினோரு வருஷம் யாரு கூடக் குடும்பம் நடத்துனீங்க?"

"அவ உனக்கு மூத்த அக்கா மாதிரி இருந்தா."

ஆவுடை காற்றுக்கு மேல் சத்தமாகச் சிரித்தாள். பிறகு அவன் தோளில் சாய்ந்துகொண்டாள். "பாவம் அவ. உங்க மேல ரொம்பப் பிரியம் அவளுக்கு. சொல்லத்தான் வரலை. அவளுக்கும் சேத்து நான் சொல்லிக்கிடுதேன்."

"அரசிக்கு வேற யாராவது கிடைப்பாங்க ஆவுடை."

"யாரு கிடைப்பா? அவங்க வீட்டுலயும் ஒரு ஆள் இப்படி நின்னு வேண்டாம்னுதான் சொல்லுவாரு."

அவன் கண் நிறைந்தது. காற்று அதையும் துடைத்துக்கொண்டு போயிற்று. கம்பியைப் பிடித்திருந்த தன் கையையே பார்த்தபடி சொன்னான். "ரெண்டு மாசம். அது எனக்கு வேணும். பேராசைதான். இருந்துட்டுப் போகட்டும்."

"எனக்கும் வேணும்ங்க. சாகப் பயமில்ல. திரும்பப் படுக்கத்தான் பயமா இருக்கு. இத்தனை வருஷமும் போர்வையை மூடிக்கிட்டுக் கிடந்த மாதிரி இருக்கு. இப்பதான் தலையை வெளிய நீட்டுதேன். மறுபடியும் போட்டு மூடச் சொல்லி நானே..." கீழே ஒரு ரயில் கற்றாழைகளைக் கடந்து போனது.

"அந்தப் பிள்ளை படியில மூச்சு வாங்குனதைப் பாத்தீங்கல்ல?" என்றாள். "அதை நான் பாக்காம இருந்திருக்கணும். பாத்துட்டேனே."

அவன் அவளுடைய இடுப்புப் பட்டையை இறுக்கிவிட்டான்.

"இன்னும் ஒரு வாரம் இருக்கு. அதுல ஒரு நாளும் நீங்க வேலைக்குப் போகக் கூடாது. சம்மதமா?"

அந்த வாரம் முழுக்க அவன் வேலைக்குப் போகவில்லை. திருச்செந்தூர்க் கடலில் அவள் அலைக்குள் ஓடினாள். கோவில்பட்டியில் கடலை மிட்டாய் வாங்கி, பஸ் ஏறும் முன்பே தின்று தீர்த்தாள். ஒரு நாள் ஒன்றுமில்லாத விஷயத்துக்கு, ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டதற்கு, இருவருக்கும் பெரிய சண்டை வந்தது. அதுதான் முதல் சண்டை. ஆவுடை தேம்பித் தேம்பி அழுதாள். அழுது முடித்துவிட்டு, "அழுதா இவ்வளவு நல்லா இருக்குமா?" என்று கேட்டாள்.

*

"அந்த ஆள் நான்தான் மணி," என்று தம்பியின் வீட்டில் வைத்துச் சொன்னாள்.

சுடலைமணி முதலில் சிரித்தான். பிறகு அத்தானின் முகத்தைப் பார்த்தான். சிரிப்பு நின்றது. வயிற்றில் குழந்தை இல்லை என்பதையும் டாக்டர் சொன்ன மற்றதையும் அவள் சொன்னாள். எதற்காகக் கோயிலில் வேண்டிக்கொண்டோம் என்பது புரிந்தபோது அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். செண்பகம் "மைனி" என்றாள். ஆவுடையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னொண்ணும் தெரிஞ்சுக்கோ மணி. அரசியும் ஒரு நாள் என்னை மாதிரிப் பூப்பா. இப்படிப் பூக்கும்னு தெரியாமலே அப்பா எனக்குப் போடச் சொன்னாரு. நீ தெரிஞ்சு போடணும். வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லு. அக்கா கோவிச்சுக்கிட மாட்டேன்."

சுடலைமணி மகளைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "முப்பது வருஷம் இருப்பாளாக்கா?"

"இருப்பா."

"நல்லா இருப்பாளா?"

ஆவுடையும் அங்கே பார்த்தாள். மூலையில் அரசி பொம்மையோடு சத்தமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். கேட்ட பாட்டை அது பாடவில்லையாம்.

"நோய் நொடி இல்லாம இருப்பா," என்றாள்.

அது தம்பி கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை என்று இசக்கிராஜுக்குத் தெரிந்தது. சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை சொன்னால் மணி தயங்குவான், தயங்கினால் நாள் தாண்டிவிடும், தாண்டினால் ஆவுடை அவனுக்கு இரண்டு மாதம் முழுசாகக் கிடைப்பாள். அந்தக் கணக்கு மனதில் ஓடியதாலேயே, வாயைத் திறக்க அவனுக்கு வெட்கமாக இருந்தது.

"போடச் சொல்லுங்க," என்றான் சுடலைமணி. அக்காவின் முகத்தை அவன் அதன் பிறகு நேராகப் பார்க்கவே இல்லை.

பேச்சியம்மாளிடம் மருத்துவமனைக்குக் கிளம்பும் காலையில்தான் சொன்னார்கள். அவள் கத்தவில்லை. "அன்னைக்கே சொல்லியிருந்தா வளையல் போட்டிருக்க மாட்டேனே," என்றாள்.

"அதுக்குத்தான் சொல்லலை அத்தை."

ஊசிகள் குத்த மணிக்கட்டு வெறுமையாக இருக்க வேண்டும். உடைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, பேச்சியம்மாள் சோப்புத் தண்ணீர் கொண்டுவந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு வளையலாக வழுக்கி வழுக்கிக் கழற்றினாள். ஒன்றுகூட உடையவில்லை.

மருந்து ஏறிய மூன்றாம் நாள் ஆவுடையின் கைச் சூடு இறங்கியது. பாட்டு நின்றது. காலையும் மாலையும் வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். இளம் மஞ்சளாக, சற்றுக் கெட்டியாக, சின்னக் குப்பிகளில். இசக்கிராஜ் கட்டிலருகே உட்கார்ந்து கதை சொல்லுவான். காத்தாடியின் கதை, கடலின் கதை, ஈரத் துண்டின் கதை. சில நாள் விரல் அசையும். கார்த்திகை மழை பிடித்த ஒரு மாலையில் குப்பியில் எதுவும் இறங்கவில்லை. அன்றே அவள் போய்விட்டாள்.

எட்டுக் குழந்தைகளுக்கு ஊசி போட்டார்கள். முதலாவதாக அரசிக்கு.

*

அடுத்த கோடையில் சுடலைமணி மகளைக் கொண்டுவந்து விட்டான். பள்ளி விடுமுறை. மாமா தனியாகக் கிடக்கிறாரே என்று செண்பகம் சொன்னாளாம்.

குழந்தை வாசல் படிகளை ஏறியதைப் பேச்சியம்மாள் கண் கொட்டாமல் பார்த்தாள். மூன்று படி. எங்கும் நிற்கவில்லை. மூச்சு வாங்கவில்லை. உதடு சிவந்திருந்தது. "எங்க ஆத்தா கண்ணைத் திறந்துட்டா," என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அரசி செருப்பைக் கழற்றி ஓரமாக, ஜோடியாக வைத்தாள். உள்ளே வந்து உட்கார்ந்தாள். பேச்சியம்மாள் பீரோவில் துணிக்குள் பொதிந்து வைத்திருந்த வளையல்களை எடுத்து வந்து மடியில் கொட்டினாள். "நீ கேட்டியே, எல்லாம் ஒனக்குத்தான் தாயி." அரசி ஒன்றை எடுத்துப் பார்த்தாள். அழகாக இருக்கிறது என்றாள். மற்றவற்றைத் திருப்பித் துணியில் வைத்தாள்.

"சாப்பிடுதியா? அதிரசம் இருக்கு, தோசை இருக்கு," என்றான் இசக்கிராஜ்.

"தோசை, மாமா."

அவனே அடுப்பில் நின்று, எண்ணெய் ஊற்றி, முறுகலாக வார்த்துப் போட்டான். ஒன்று சாப்பிட்டாள். இரண்டாவதைப் பாதி வரைக்கும் தின்றுவிட்டு, மிச்சத்தை விரலால் மெல்லத் தட்டின் ஓரத்துக்கு நகர்த்தினாள்.

அவன் குனிந்து அந்தச் சின்னக் கையைத் தன் கைக்குள் எடுத்தான். வெளியே சித்திரை வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. கை குளிர்ந்திருந்தது.

"இன்னும் ஒண்ணு போடவா தாயி?" என்றான். "மாமாவுக்காக. இன்னும் ஒண்ணே ஒண்ணு."

குழந்தை அவனைப் பார்த்தது. முகம் கோணாமல், கையை மெல்ல விடுவித்துக்கொண்டது.

"போதும் மாமா," என்றது.